முதல்முறை தீபாவளிக்கு வீட்டைத் திறக்கிறீர்களா? எதை எப்போது சமைப்பது

பண்டிகையன்று வீட்டைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடும் ஓப்பன் ஹவுஸுக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னவர்கள் ஒரு மணிக்கு வருவார்கள். மூன்று மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கே வாசலில் நிற்பார். சொல்லாமல் கொள்ளாமல் கூட இரண்டு பேரை அழைத்து வருபவர்களும் உண்டு. கோலாலம்பூரில் இதையெல்லாம் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வந்தவரை உட்காரவைத்துச் சோறு போட வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் அன்றே சமைக்கலாம் என்று நினைத்தால், விருந்தாளிகள் வரும்போது புதுச்சேலை பீரோவில் இருக்கும், நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள்.

கல்யாணமாகி முதல் தீபாவளி கொண்டாடுபவர்கள், அம்மா வீட்டை விட்டு செந்தூலிலோ கெப்போங்கிலோ தனியாக வீடெடுத்தவர்கள், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊர் வழக்கப்படி நாலு பேரைக் கூப்பிட நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் முன்னாடியே சமைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதுவரை முன்னாடியே போகலாம், அதற்கு மேல் அன்றைக்குத்தான். ஆட்டுக்கறி ஒரு நாள் இருந்தால் ருசி கூடும். சோறு ஒரு நாள் இருந்தால் வயிற்றைக் கெடுக்கும். அந்தக் கட்டம் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

மலேசியாவில் சரவாக் தவிர மற்ற மாநிலங்களில் தீபாவளி பொது விடுமுறை. ஆனால் ஒரு நாள்தான். அதனால் பண்டிகை எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் திட்டம் அமையும். 2024இல் அக்டோபர் 31, வியாழக்கிழமை. புதன்கிழமை மாலை வரை பலருக்கு வேலை, ஆகவே கனமான வேலைகள் எல்லாம் முந்தின சனி, ஞாயிறிலேயே முடிந்திருக்க வேண்டும், அதாவது ஃபிரீசரை நம்பித்தான் ஆக வேண்டும். 2025இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டும் கையில் இருந்தன, ஃபிரீசர் இல்லாமலே சமாளிக்கலாம். இந்த வருஷம் உங்களுக்கு எத்தனை முழு நாள் கிடைக்கிறது, எத்தனை மாலைப்பொழுது கிடைக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். மாலைப்பொழுதை அரை நாளாகக் கணக்குப் போட வேண்டாம். வேலை முடிந்து, நெரிசலில் வந்து, குளித்துவிட்டு நிமிரும்போது ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும்.

அடுத்து ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள்

புதியவர்கள் சமையல் குறிப்புகளைத் தேடுகிறார்கள். இடத்தைத் தேடுவதில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் 40 பேருக்கான கறி, பருப்பு, மாவு, நறுக்கிய காய், தயிர் எல்லாம் ஒரே நேரத்தில் போகாது. மூன்று வாரத்துக்கு முன்பே ஃபிரீசரில் என்ன இருக்கிறது என்று பார்த்து, பழைய மீனையும் எப்போதோ வாங்கிய நக்கெட்டையும் தின்று தீர்க்கத் தொடங்குங்கள். புதிதாக எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

தண்ணீர், குளிர்பானம், பழம் எதுவும் பண்டிகை வாரத்தில் ஃபிரிட்ஜுக்குள் இருக்கக் கூடாது. அவற்றுக்கு ஓர் ஐஸ் பாக்ஸும் இரண்டு பை ஐஸும் போதும். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பழக்கம் இருந்தால் அவர்கள் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இடம் கேளுங்கள். தீபாவளிக்கு அவர்களுக்கு அவசரம் இல்லை, சீனப் பெருநாளுக்கு நீங்கள் இடம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு விஷயம், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையானால் இடியும் மழையும்தான். பெரிய இடி விழுந்தால் மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். நீங்கள் இரண்டு நாள் ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ போய் வந்தால், ஃபிரீசர் இடையில் உருகி மறுபடி உறைந்ததா என்று பார்த்ததும் தெரியாது. கிளம்புமுன் ஒரு சின்ன குவளைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் உள்ளே இருக்கும் இறைச்சியை மனசைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கி எறியுங்கள்.

என்ன சமைப்பது, எவ்வளவு

40 பேர் என்றால் என் கணக்கு இது: அரிசி 4 கிலோ, எலும்போடு ஆட்டிறைச்சி 5 கிலோ, கோழி 5 கிலோ, தால்சாவுக்குப் பருப்பு ஒன்றரை கிலோ, இரண்டு வகைக் காய், ஒரு பச்சடி, அப்பளம், ஒரு பாயசம். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஏழாவது கறி யாருடைய நினைவிலும் நிற்பதில்லை.

விருந்தாளிகள் யார் என்பதைப் பொறுத்தும் பட்டியல் மாறும். மலாய் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் இறைச்சியை ஹலால் கடையில் வாங்குங்கள், எங்கே வாங்கினீர்கள் என்று அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சைவக்காரர்களுக்குக் காளான் பெரட்டலோ, சைவ மட்டன் என்று கிடைக்கிறதே அந்தச் சோயாத் துண்டோ ஒரு சட்டி தனியாக, தனிக் கரண்டியோடு. சீன நண்பர்களில் சிலர் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பண்டிகைக் காலத்தில் சில பொருள்களுக்கு அரசாங்கம் அதிகபட்ச விலையை அறிவிக்கும். பட்டியல் வந்ததும் பாருங்கள். மளிகைச் சாமானுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் போவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே போய்விடுங்கள். கடைசி வாரத்தில் தீபாவளிச் சந்தைக்கு நடுவே கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மாலை போய்விடும். காய்கறி, தேங்காய், வாழையிலை போன்றவற்றை உங்கள் வீட்டுப் பக்கத்துப் பசாரில் கடைசி இரண்டு நாளில் வாங்கினால் போதும்.

இரண்டு வாரம் முன்: பலகாரம்

முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை ஆகிய நான்கும் காத்திருக்கும். அதிரசமும் சில நாள் தாங்கும். தேங்காய் சேர்ந்தது எதுவானாலும் கடைசியில் செய்யுங்கள், அதுதான் முதலில் கெடும்.

முறுக்குக்கு எதிரி ஈரக்காற்று. மழை பிடித்த மாலையில் சுட்டால் ஆறுவதற்குள்ளேயே நமத்துப்போகும். காலையில் சுடுங்கள். சுட்டதைத் தாளில் பரப்பி, கையால் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் டின்னில் போட வேண்டும். வெதுவெதுப்பாகப் போட்டு மூடினால் அந்த ஆவியே உள்ளே நின்று முறுக்கை மெத்தென்று ஆக்கிவிடும். பெரிய டின் ஒன்றைவிடச் சின்ன டின் நாலு நல்லது. திறக்கத் திறக்கக் காற்று புகும், ஒன்று திறந்திருக்கும்போது மற்ற மூன்றும் மூடியே இருக்கும். எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள், பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும்.

இதற்கு நேரம் இல்லையா? ஆர்டர் எடுத்துச் சுட்டுக் கொடுக்கும் அக்காமார்கள் எல்லாத் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) இருக்கிறார்கள். ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். இடியப்பமும் அப்படித்தான். வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் முன்: மசாலாவை வதக்கி வைத்துவிடுங்கள்

உண்மையான நேரமெல்லாம் இதில்தான் போகிறது. ஐந்து கிலோ கறிக்கு வெங்காயம் உரித்து, நறுக்கி, வதக்கி எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பண்டிகைக்கு வெளியே தள்ளிவிட்டால் மீதி எல்லாம் எளிது.

பெரிய சட்டியில் தாராளமாக எண்ணெய் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, சோம்பு தாளியுங்கள். சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் பாதிக்குப் பாதி. கறிவேப்பிலையைக் கிள்ளாமல் கொத்தாகவே போடுங்கள். வெங்காயம் பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும் வரை பொறுமை வேண்டும், அரைமணி நேரம்கூட ஆகலாம். பிறகு இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாடை போகும் வரை. கறித்தூளைத் தண்ணீரில் குழைத்துப் போடுவது இந்த ஊர் வழக்கம், அதையே செய்யுங்கள். காய்ந்த தூளாகப் போட்டால் அடிபிடித்துக் கசக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் மசாலா எண்ணெயை முழுக்கக் குடித்துவிட்டு இறுகும். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கிளறினால் ஓரத்தில் சிவப்பெண்ணெய் கசிந்து வரும், கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி சுத்தமாகத் தெரியும். அதுதான் பதம். தக்காளி வேண்டுமானால் இதற்குப் பிறகு. உப்பைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறியதும் ஒரு கிலோ இறைச்சிக்கு ஆகும் அளவாகப் பிரித்து, ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாக அமுக்கி ஃபிரீசரில் அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் இடமும் மிச்சம், உருகுவதும் சீக்கிரம். பையின்மேல் தேதியும் எந்தக் கறிக்கு என்பதும் எழுதுங்கள். எல்லா மசாலாவும் உறைந்த பிறகு ஒரே நிறம்தான்.

இதே வாரத்தில் நெத்திலிச் சம்பல் செய்யலாம். எண்ணெய் மிதக்க வதக்கினால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தால்சாவுக்குப் பருப்பை மட்டும் வேகவைத்து உறையவைக்கலாம். கத்தரிக்காய், உருளை, முருங்கைக்காய் எல்லாம் அன்றைக்குத்தான். நெய்ச்சோற்றுக்கு மேலே தூவும் வெங்காயத்தையும் பொரித்து டின்னில் போட்டு வையுங்கள், முறுக்கு மாதிரியே நன்றாக ஆறிய பிறகு.

ஃபிரீசருக்குப் போகக் கூடாதவை சில உண்டு. உருளைக்கிழங்கு உறைந்தால் மணல் மாதிரி நறநறக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறி உருகும்போது திரிந்து பிரியும். வெள்ளரி, தக்காளி, தயிர்ப் பச்சடி எதுவும் வேண்டாம். துருவிய தேங்காய் போகலாம், சட்னிக்கும் பொரியலுக்கும் நன்றாகவே உதவும்.

இறைச்சி

ஆட்டிறைச்சியை ஒரு வாரம் முன்பே வாங்கி, கழுவி, தண்ணீர் வடித்து, கிலோ கிலோவாகத் தட்டையாக உறையவையுங்கள். ஐந்து கிலோவை ஒரே கட்டியாக உறையவைத்தால் அது உருகுவதற்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். உருகவைப்பது எப்போதும் ஃபிரிட்ஜின் அடித்தட்டில், ஒரு தட்டில் வைத்து. மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் தயிரில் விழும். சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போவதெல்லாம் கூடாது. வெளிப்புறம் கெட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும்.

கோழி வேறு கதை. அது மறுபடி சூடாக்கினால் நாராகிவிடும். கோழியை முந்தின இரவு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் சோள மாவு போட்டுப் பிசறி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அன்று காலை பொரித்து எடுங்கள். எலுமிச்சைச் சாறும் தயிரும் போட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் இறைச்சி குழைந்துவிடும், ஓர் இரவுக்கு மேல் வேண்டாம்.

முந்தின நாள்: படையலும் பெரிய சட்டியும்

எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லாத சிக்கல் இங்கேதான். நம்மில் பல வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, இறந்துபோன பெரியவர்களுக்குப் படையல் உண்டு. அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைக்க வேண்டும். வைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாற்பது பேருக்கு ஆக்கும் கறியில் உப்பு பார்க்க முடியாமல் நிற்பது எவ்வளவு பெரிய சோதனை என்று சமைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் சொல்லும் வழி இது. ஆட்டுக்கறிப் பெரட்டலை முந்தின நாள் மத்தியானமே முழு அளவில் ஆக்கிவிடுங்கள். உருகிய மசாலாவைச் சட்டியில் போட்டுச் சூடேற்றி, இறைச்சியைப் போட்டு, அது விடும் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். உப்பைக் குறைவாகவே போடுங்கள். இறைச்சி வெந்ததும் படையலுக்கு வேண்டியதை முதலில் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, பெரிய சட்டியை அணைக்காமல் மிகச் சின்னத் தீயில் கொதி அடங்காமல் வைத்திருங்கள். படையல் முடிந்து கும்பிட்டு எழுந்ததும் ருசி பாருங்கள், உப்பைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு அணைத்து ஆறவையுங்கள். படையலும் நிறைவேறும், நாளைய கறியும் தயாராகிவிடும்.

ஆனால் போன வாரமே வதக்கிய மசாலா படையலுக்கு ஆகுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். "அத்தை, மசாலாவ முன்னாடியே வதக்கி வச்சிருக்கேன், படையலுக்குப் போடலாங்களா?" என்று மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆகாது என்றால் படையலுக்கு மட்டும் அரைக் கிலோவைப் புது மசாலாவில் தனியாக ஆக்குங்கள். அது கூடுதல் வேலைதான், ஆனாலும் கேட்காமல் செய்துவிட்டு இலை போடும் நேரத்தில் பேச்சு வாங்குவதைவிட மேல்.

ஆறவைப்பது எப்படி

இதை அவசரமில்லாமல் படியுங்கள், விருந்தில் வயிறு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆக்கியதில் தப்பு இருக்காது. ஆறவிட்டதில் இருக்கும்.

சமைத்த உணவு 60 பாகை செல்சியஸிலிருந்து 21 பாகைக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். உணவுப் பாதுகாப்பில் சொல்லப்படும் அளவு இதுதான். கோலாலம்பூரில் நடுராத்திரியிலும் வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே அரிதாகத்தான் போகிறது, அடுக்குமாடிச் சமையலறைக்குள் அதைவிட அதிகம். அப்படியென்றால் மேடைமேல் மூடி வைத்த சட்டி விடிய விடிய இருந்தாலும் 21 பாகையைத் தொடவே தொடாது. இரவு முழுவதும் கிருமிக்கு வசதியான சூட்டிலேயே இருக்கும். பெரிய சட்டி இறைச்சிக் கறியில் வளரும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கி நிற்கும். சட்டி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும்.

ஆகவே கறியைச் சட்டியோடு ஆறவைக்காதீர்கள். அகலமான, இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாத தட்டுகளில் ஊற்றிப் பரப்புங்கள். பேக்கரிச் சாமான் கடைகளில் அலுமினியத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும். சிங்க்கை அடைத்து, தண்ணீரும் ஐஸும் நிரப்பி, தட்டுகளை அதில் மிதக்கவிட்டு, மேலே ஒரு மின்விசிறி. இடையிடையே கிளறிவிடுங்கள். மூட வேண்டாம், ஆவி போகட்டும். அரைமணி, முக்கால் மணியில் தட்டின் அடியைத் தொட்டால் சூடு தெரியாது. உடனே ஃபிரிட்ஜில் வைத்து, முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நடுவே காற்றுக்கு இடம் விடுங்கள்.

அந்தக் காலத்தில் பாட்டி ராத்திரி ஒரு கொதி, விடிகாலையில் ஒரு கொதி விட்டு வைப்பாரே என்று கேட்பீர்கள். அப்போது ஃபிரிட்ஜ் இல்லை, சட்டியும் சின்னது, அடுத்த வேளையே தீர்ந்தும் போனது. உங்களிடம் ஃபிரிட்ஜ் இருக்கிறது.

காலையில் எடுக்கும்போது கறியின் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கும். பாதியை வழித்துப் போட்டுவிடுங்கள், கறி இன்னும் நன்றாக இருக்கும்.

அன்று இரவே முடிக்க வேண்டியவை

கோஸ், பயற்றங்காய், காரட் நறுக்கி ஈரம் இல்லாமல் டப்பாவில் போடுங்கள். அரிசியை அளந்து வையுங்கள், கழுவ வேண்டாம். சர்பத் கலக்கும் சிராப்பில் பண்டான் (ரம்பை) இலை போட்டுக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றுங்கள். காலைத் தோசைக்கு மாவு அரைத்திருந்தால், இந்த ஊர்ச் சூட்டில் ஆறு, ஏழு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ராத்திரி வெளியே விட்டுத் தூங்கினால் காலையில் மேடையெல்லாம் மாவு. மத்தியானம் அரைத்து, பொங்கியதும் படுக்கப்போகுமுன் ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். தோசை வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான், விருந்தாளிகளுக்குத் தோசை என்று ஆரம்பித்தால் ஒருவர் கல்லை விட்டு நகர முடியாது.

இரண்டு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள். குழாய் நின்றுபோவது நமக்குப் புதிதில்லை, அதுவும் வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் நின்றால் பாத்திரமும் கழுவ முடியாது. கேஸ் தோங்கை (சிலிண்டரை)த் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் அன்றைக்கே ஒரு போன் போட்டு வேறொன்று வரவழைத்துவிடுங்கள், பண்டிகையன்று கடைக்காரரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருப்பார்.

அன்று காலை

எண்ணெய்க் குளியல், சாமி கும்பிடுவது, பெரியவர்களிடம் ஆசி வாங்குவது, தோசையும் கறியும். இதெல்லாம் முடியும்வரை விருந்துச் சமையலைத் தொடவே வேண்டாம். பதினொரு மணிக்கு விருந்தாளிகள் என்றால் எட்டரைக்குத் தொடங்கினால் போதும்.

அடுப்பில் இரண்டே கண் என்பதால் வரிசை முக்கியம். எட்டரைக்கு ஒரு கண்ணில் தால்சா: பருப்பைச் சூடேற்றிக் காய்களைப் போடுங்கள், கடைசியில் புளி. இன்னொரு கண்ணில் கோழி பொரிப்பது. ஒன்பதரைக்குக் கோழிச் சட்டியை இறக்கிவிட்டுக் காய் வதக்குவது. பத்து மணிக்கு ஒரு கண் ஆட்டுக்கறிக்கு. உருளைக்கிழங்கு சேர்ப்பதாக இருந்தால் தனியாக அவித்து இந்த நேரத்தில் போடுங்கள். சோறு அடுப்புக்கே வர வேண்டாம், யாரிடமாவது இன்னொரு ரைஸ் குக்கர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகாதீர்கள், ஒன்று அறையில் இருக்கட்டும்.

சோற்றை ஏன் முந்தின நாளே வடித்து வைக்கக் கூடாது என்றால், அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடக்கும்போது அது ஒரு நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 10 மணிக்கு முதல் குக்கர், 12 மணிக்கு இரண்டாவது, தேவைப்பட்டால் 2 மணிக்கு மறுபடி முதலாவது. விருந்தாளிகள் அலை அலையாக வருவதற்கு இதுதான் பொருத்தம்.

தேங்காய்ப்பால் சேர்க்கும் கறி ஏதாவது இருந்தால் பால் ஊற்றுவது கடைசிப் பத்து நிமிஷம். பசாரில் பிழிந்த பால் என்றால் அன்று காலை வாங்கியது மட்டும், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பாக்கெட் பாலை முன்பே வாங்கி வைப்பதில் தப்பில்லை. வெள்ளரியும் அன்னாசியும் போட்ட பச்சடிக்குக் காயைக் காலையில் நறுக்கி, உப்பை மட்டும் மேசைக்குப் போகும்போது போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பாயசம் ஆற ஆற இறுகும், அரை லிட்டர் காய்ச்சிய பால் பக்கத்தில் இருந்தால் அவ்வப்போது தளர்த்திக்கொள்ளலாம்.

மேசையில்

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிப் பரப்பாதீர்கள். குளிர்ந்த கறியில் பத்து, பதினைந்து பேருக்கானதை மட்டும் எடுத்து, நடுவிலும் குமிழி விட்டுக் கொதிக்கும்வரை சூடாக்கி மேசைக்கு அனுப்புங்கள். உணவு வெப்பமானி இருந்தால் 75 பாகை காட்ட வேண்டும். தீரத் தீர அடுத்த தட்டு. பாதி காலியான பாத்திரத்தில் புதியதை ஊற்றாமல் பாத்திரத்தையே மாற்றுங்கள்.

சூடாக வைக்கும் வசதி இல்லாத மேசையில் இறைச்சியும் சோறும் 2 மணி நேரம் இருக்கலாம். வாசலில் கூடாரம் போட்டுப் பரிமாறினால், மத்தியான வெயிலில் வெப்பம் 32 பாகையைத் தாண்டும்போது 1 மணி நேரம்தான். கறியை வீட்டுக்குள் வைத்து, பலகாரமும் பானமும் மட்டும் வாசலில் வைப்பது சுலபம்.

ஒரு காகிதத்தில் எந்தத் தட்டு எத்தனை மணிக்கு மேசைக்குப் போனது என்று எழுதிக் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சிரிப்பாகத் தோன்றும். மூன்று மணிக்கு மாமாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது.

மிச்சம்

மேசையில் கிடந்த சோறும் பச்சடியும் குப்பைக்கு. அதில் இரக்கம் காட்ட வேண்டாம். ஃபிரிட்ஜை விட்டு வெளியே வராத கறித் தட்டுகள் மூன்று, நாலு நாள் தாங்கும், அல்லது அன்றிரவே பிரித்து உறையவைக்கலாம். ஒருமுறை சூடாக்கி மேசைக்குப் போனதை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தள்ளி, மறுபடி சூடாக்கி என்று போக வேண்டாம்.

கிளம்புகிறவர்களுக்குத் தாப்பாவ் (பார்சல்) கட்டிக் கொடுப்பதாக இருந்தால், மூடியோடு இருபது டப்பா முன்பே வாங்கி வையுங்கள். மேசையிலிருந்து அள்ளாமல், புதிதாகச் சூடாக்கியதிலிருந்து கட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் சாப்பிடச் சொல்லுங்கள், காரிலேயே வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகிறவராக இருந்தால் கறி வேண்டாம், முறுக்கு டின்னைக் கையில் கொடுங்கள்.